ஒரே பாலில் புரோஜெஸ்டிரோனும் அஃப்லாடாக்சினும்: எல்.சி.எம்.எஸ்.-க்கு மாதிரி தயாரிப்பது எப்படி?

மாதவரம்_லேப் (கேள்வி)

வணக்கம். மாதவரம் பக்கம் பால் பரிசோதிக்கும் சிறிய ஆய்வகம் எங்களுடையது. ட்ரிபிள் குவாட் எல்.சி.எம்.எஸ். (பொருள்களைப் பிரித்து நிறையால் அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. அதில் அஃப்லாடாக்சின் எம்1 (தீவனப் பூஞ்சணத்தால் பாலுக்கு வரும் நஞ்சு), டெட்ராசைக்ளின் வகை மருந்து எச்சம் ஆகிய இரண்டும்தான் ஓடுகின்றன. இப்போது பாலில் புரோஜெஸ்டிரோன் (சினை ஹார்மோன்) பார்த்துத் தர முடியுமா என்று கால்நடை மருத்துவர்கள் கேட்கிறார்கள். புழல், செங்குன்றம், வியாசர்பாடிக் கொட்டகைகளில் மூன்று நான்கு முறை சினை ஊசி போட்டும் பிடிக்காத மாடுகள்தான் பெரும்பாலும். சில எருமைகளும் உண்டு.

அஃப்லாடாக்சினுக்காக மையவிலக்கியில் சுற்றி ஆடை நீக்கிய பால் எப்படியும் கையில் இருக்கிறது. அதையே அசிட்டோநைட்ரைல் போட்டுப் புரதம் இறக்கி, புரோஜெஸ்டிரோனின் அயனி நிறையும் அது உடைந்து வரும் துண்டின் நிறையுமான 315.2 → 97.1 பார்த்தோம். உச்சி நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரே பால் ஒருமுறை மி.லி.க்கு 1.8 நானோகிராம், மறுமுறை 4.6 காட்டுகிறது. இன்டர்னல் ஸ்டாண்டர்டின் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) உச்சிப் பரப்போ ஆடாமல் நிற்கிறது. எங்கே தவறுகிறது? இரண்டு சோதனைக்கும் ஒரே தயாரிப்பு போதுமா? எருமைக்கும் பசுவுக்கும் ஒரே வரம்பு வைக்கலாமா?

அயனிமூலம்

ஒரே தயாரிப்பு ஆகாது. உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. புரோஜெஸ்டிரோன் கொழுப்போடு போகிற பொருள். அஃப்லாடாக்சின் எம்1 நீர்ப்பகுதியோடும் பால் புரதமான கேசீனோடும் நிற்கும். ஆடையை வழித்துப் போடும்போது புரோஜெஸ்டிரோனின் பெரும்பகுதியும் அதோடு போய்விடுகிறது. மிஞ்சுவது எவ்வளவு என்பது அந்தக் குழாயில் ஆடை எவ்வளவு சுத்தமாக எடுபட்டது என்பதைப் பொறுத்தது. 1.8-க்கும் 4.6-க்கும் இடையில் ஆடுவது அதனால்தான். இன்டர்னல் ஸ்டாண்டர்டை ஆடை எடுத்த பிறகு சேர்த்திருப்பீர்கள். இழப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டதால் அதன் பரப்பில் ஒன்றும் தெரியாது.

ஆகவே புரோஜெஸ்டிரோனுக்கு முழுப்பால், அஃப்லாடாக்சினுக்கு ஆடை நீக்கிய பால். ஒரே பாட்டிலில் வந்தாலும் ஆய்வக மேசையில் முதல் வேலையே பாலை இரண்டாகப் பிரிப்பதுதான். புரோஜெஸ்டிரோனுக்கு முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுற்றுங்கள்.

பிழையில் பாதி கொட்டகையிலேயே நுழைந்துவிடும். பீச்சத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் ஒட்டப் பீச்சும் பாலில் அது பல மடங்கு ஏறும். ஒரே மாட்டில், ஒரே வேளையில், முதல் பீச்சில் பிடித்த பாலும் கடைசிப் பீச்சில் பிடித்த பாலும் இரண்டு வேறு மாடுகள் போல எண் காட்டும். முழுக்கக் கறந்து, வாளியில் கலக்கி, அதிலிருந்து 30 மி.லி. எடுக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் எப்போதும் ஒரே கட்டத்தில், ஒரே வேளையில் எடுக்க வேண்டும். செங்குன்றத்திலிருந்து மே மாத வெயிலில் பைக்கில் வரும் பாட்டிலுக்கு, பால் கெடாமல் காக்கும் ப்ரோனோபால் மாத்திரை அவசியம். திரிந்து வந்த பாலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தயிரான பாலிலிருந்து சரியான பங்கு எடுக்க வழியே இல்லை.

இனி மேசை வேலை. பாலை 40 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, கொழுப்பு உருகியதும் பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் வெண்ணெய் திரளும். உறைய வைத்து உருக்கிய பாலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் உறையும்போதே கொழுப்புத் துளிகளின் உறை உடைந்திருக்கும். சூடு ஆறுவதற்குள் 0.5 மி.லி. எடுத்து, மி.லி.க்கு 100 நானோகிராம் உள்ள புரோஜெஸ்டிரோன்-டி9 (ஒன்பது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்த இன்டர்னல் ஸ்டாண்டர்ட்) கரைசலில் 20 மைக்ரோலிட்டர் சேர்த்துச் சுழற்றி, 15 நிமிடம் விடுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கொழுப்புக்குள் போய்ச் சேராவிட்டால் அது எதற்கும் ஈடு செய்யாது.

பிறகு 1.5 மி.லி. அசிட்டோநைட்ரைல் ஊற்றி 2 நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். மைனஸ் 20-ல் அரை மணி நேரம் வைத்துவிட்டு, குளிர் மையவிலக்கியில் 4 டிகிரியில், 10,000 ஜி-யில் (புவியீர்ப்பின் 10,000 மடங்கு) 10 நிமிடம் சுற்றுங்கள். கொழுப்பு கெட்டியாகிப் புரதத்தோடு ஒதுங்கும், புரோஜெஸ்டிரோன் மேலே அசிட்டோநைட்ரைலில் நிற்கும். ஹெக்சேன் கொண்டு கொழுப்பு கழுவும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம், கழுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரோஜெஸ்டிரோன் ஹெக்சேனோடு போகும். மேல்நீரில் 1 மி.லி. எடுத்து, 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி உலர்த்தி, பாதி மெத்தனால் பாதி நீரில் 100 மைக்ரோலிட்டராகக் கரைக்கவும். கருவியில் வைக்கும் மாதிரிக் குப்பிக்குள் கண்ணாடிச் செருகி வையுங்கள், புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டும். யாராவது இரத்த மாதிரி அனுப்பினால், ஜெல் வைத்த குழாயில் எடுக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சி18, 50 × 2.1 மி.மீ. காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்) போதும். இரு கரைப்பான்களிலும் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம், ஒன்று நீர், மற்றது மெத்தனால். 50 சதவீத மெத்தனாலில் தொடங்கி 4 நிமிடத்தில் 95-க்கு ஏற்றி, அங்கேயே இரண்டு நிமிடமாவது நிறுத்துங்கள். பாலின் பாஸ்போலிப்பிடுகள் (ஒரு வகைக் கொழுப்பு) அப்போதுதான் இறங்கும். அந்த இரண்டு நிமிடத்தைக் குறைத்தால் அவை அடுத்தடுத்த மாதிரி ஓட்டங்களில் வந்து புரோஜெஸ்டிரோன் மேலேயே உட்கார்ந்து அயனியாவதை அமுக்கும். சந்தேகம் வந்தால் 184 → 184 சேனலைத் திறந்து வைத்து அவை எந்த நிமிடத்தில் இறங்குகின்றன என்று பாருங்கள். அளவுக்கு 315.2 → 97.1, உறுதிப்படுத்த 315.2 → 109.1. டி9-க்கு 324.3 → 100.1. இரண்டு அயனிகளின் விகிதத்தை ஒவ்வொரு மாதிரியிலும் பாருங்கள். விகிதம் விலகினால் அந்த எண்ணை வெளியே தர வேண்டாம்.

மாதவரம்_லேப்

ரொம்ப நன்றி சார். இன்டர்னல் ஸ்டாண்டர்டை ஆடை எடுத்த பிறகுதான் சேர்த்தோம். இன்னும் இரண்டு சந்தேகம். அளவீட்டு வரைக்கு வெற்றுப் பால் (புரோஜெஸ்டிரோன் இல்லாத பால்) எங்கே கிடைக்கும்? எல்லாப் பாலிலும் கொஞ்சமாவது புரோஜெஸ்டிரோன் இருக்குமே. அப்புறம், எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுக் கொழுப்பைச் சோப்பாக்கிவிட்டுப் பிரித்தால் சுத்தமாக வராதா?

அயனிமூலம்

சோப்பாக்குவதை டி9 வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. அந்த ஒன்பது டியூட்டீரியமும் கீட்டோன்களுக்குப் பக்கத்திலும் இரட்டைப் பிணைப்பை ஒட்டியும் உள்ள இடங்களில் இருப்பவை. காரத்தில் சூடாக்கினால் அவை சாதாரண ஹைட்ரஜனோடு இடம் மாறும். 324 குறைந்து 323, 322 என்று சிதறும். இன்டர்னல் ஸ்டாண்டர்ட் குறைவாகத் தெரிவதால் மாட்டின் எண் பொய்யாக ஏறும். கட்டாயம் சோப்பாக்க வேண்டுமென்றால் கார்பன்-13 மூன்று வைத்த புரோஜெஸ்டிரோனை வாங்குங்கள், 318.2 → 100.1. கார்பன் இடம் மாறாது. ஆனால் எருமைப்பாலுக்கும் உறையவைத்துச் சுற்றுவதே போதும். 0.5-க்குப் பதில் 0.25 மி.லி. எடுத்து, அசிட்டோநைட்ரைலை அப்படியே 1.5 மி.லி. வையுங்கள்.

வெற்றுப் பாலுக்குச் சிறந்த வழி, பருவத்தில் நிற்கும் நாளன்று எடுத்த பால். ஐந்தாறு மாடுகளின் பாலைக் கலந்து வைத்துக்கொண்டு, அதில் இயல்பாக இருப்பதை முதலில் அளந்து, வரையிலிருந்து கழியுங்கள். மி.லி.க்கு 0.2, 0.5, 1, 2, 5, 10, 25, 50 நானோகிராம் என்று எட்டுப் புள்ளிகள். கடையில் வாங்கும் பாக்கெட் பாலை வெற்றாக எடுக்காதீர்கள். அது பல மாடுகளின் கலப்பு, அதில் சினை மாட்டுப் பாலும் இருக்கும். தரக்கட்டுப்பாட்டு மாதிரியாக 1-லும் 8-லும் இரண்டு பால் தயாரித்து, பத்து மாதிரிக்கு ஒரு முறை ஓட்டுங்கள். மாட்டுக்காரருக்கு முடிவு மாறுவது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான், 50-க்கு மேலே எவ்வளவு துல்லியம் என்பது யாருக்கும் தேவையில்லை.

வேப்பேரி_கால்நடை

அளப்பது பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். எண்ணைப் படிப்பது பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் சரியான எண்ணை வைத்தே தவறான முடிவு எடுப்பது அடிக்கடி நடக்கிறது.

சினை ஊசி எப்போது போடலாம் என்று சொல்ல இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பருவம் தொடங்கி 12 முதல் 18 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்கிற கணக்கு அதற்குத்தான். பால் ஆய்வகம் வந்து, முடிவு திரும்புவதற்குள் நேரம் போய்விடும். எல்.சி.எம்.எஸ். உதவுவது வேறு மூன்று நாட்களில்.

முதலாவது, ஊசி போட்ட அன்றே எடுக்கும் பால். பசுவின் முழுப்பாலில் அன்று 2, 3 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 5-க்கு மேல் இருந்தால் மாடு பருவத்திலேயே இல்லை, மஞ்சள் உடல் (முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் திசு) வேலை செய்துகொண்டிருக்கும்போது ஊசி போட்டிருக்கிறார்கள். மறுபடி மறுபடி பிடிக்காத மாடுகளில் இந்த ஒரு சோதனையே நிறைய விஷயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டும். கோளாறு மாட்டிலா, பருவம் பார்ப்பவரிடமா என்பது தெரிந்துவிடும். சென்னைக் கோடையில், முக்கியமாக எருமைகளில், கத்தாமல் வழும்பும் சரியாகத் தெரியாமல் பருவம் வந்து போகும். அங்கே இதன் பயன் இன்னும் அதிகம்.

இரண்டாவது, 10 முதல் 12-ம் நாள். அப்போது நன்றாக ஏறியிருக்க வேண்டும். அன்றும் தாழ்ந்தே இருந்தால் முட்டை வெளிவரவில்லை அல்லது மஞ்சள் உடல் உருவாகவில்லை.

மூன்றாவது, 21 முதல் 23-ம் நாள். தாழ்ந்திருந்தால் சினை இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். உயர்ந்திருந்தால் சினை என்று எழுதிவிடாதீர்கள். சுழற்சி சற்று நீண்ட மாடு, கரு சில வாரங்களில் கலையப்போகும் மாடு, மஞ்சள் உடல் கரையாமல் தங்கிவிட்ட மாடு எல்லாமே உயரத்தான் காட்டும். அறிக்கையில் ‘சினை இருக்கலாம், ஸ்கேன் அல்லது கைச்சோதனையில் உறுதி செய்க’ என்பதே நேர்மையான வாக்கியம்.

எருமைக்குப் பசுவின் வரம்பை வைக்கக் கூடாது. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதமும் அதற்கு மேலும் போகும், ஹார்மோன் கொழுப்போடு வருவதால் முழுப்பால் எண்ணும் அதோடு நகரும். ஒவ்வொரு மாதிரிக்கும் கொழுப்புச் சதவீதத்தை அளந்து அறிக்கையில் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் அதே எருமையின் ஊசி நாள் பாலையும் 10-ம் நாள் பாலையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். தனி எண்ணைவிட அந்த ஏற்றம் நம்பகமானது.

படிவத்தில் ஒரு கேள்வி கட்டாயம்: பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் கருவி இப்போது உள்ளே இருக்கிறதா, எப்போது எடுத்தார்கள்? கருவி உள்ளே இருக்கும்போது பால் எண் மாட்டின் மஞ்சள் உடலைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதே மாடுகள்தான் உங்கள் மருந்து எச்சப் பட்டியலிலும் வரும். சினை பிடிக்காத மாட்டுக்குக் கருப்பையில் ஆக்சிடெட்ராசைக்ளின் விடுவது வழக்கம். ‘ஊசி எதுவும் போடவில்லை’ என்று மாட்டுக்காரர் உண்மையென்று நம்பியே சொல்வார், கருப்பைக்குள் விட்டதை அவர் ஊசியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அது இரத்தத்தில் ஏறிப் பாலுக்கு வந்துவிடும். கருப்பை மருந்து கொடுத்தார்களா என்று தனியாகக் கேளுங்கள். கொடுத்திருந்தால் அந்தப் பால் கேனில் சேரக் கூடாது.

தண்டையார்பேட்டை_பால்காரர்

ஐயா, இவ்வளவு பெரிய மெஷின் இதுக்குத் தேவையா? ஸ்ட்ரிப் ஒண்ணு கெடைக்குதுன்னு சொல்றாங்களே, பால்ல முக்கினா கோடு வரும்னு. எங்களுக்கு மாடு நின்னுச்சா இல்லையான்னு தெரிஞ்சா போதும்.

அயனிமூலம்

கொட்டகையில் உடனே தெரிய வேண்டும் என்றால் ஸ்ட்ரிப்தான் சரி, ஐயா. உயர்வா தாழ்வா என்ற ஒரே கேள்விக்கு அது போதும், கையில் உடனே விடை வரும். நடுத்தர அளவில் கோடு மங்கலாக வந்து குழப்பும் இடத்திலும், புதிதாக வாங்கிய பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று ஒத்துப் பார்க்கவும்தான் இந்த மெஷின். எலைசா (எதிர்ப்புரதம் கொண்டு அளக்கும் சோதனை) பெட்டிகளில் அந்த எதிர்ப்புரதம் புரோஜெஸ்டிரோனை ஒத்த வேறு ஸ்டீராய்டுகளையும் கொஞ்சம் பிடிக்கும். எல்.சி.எம்.எஸ். அவற்றை நிறையாலும் வெளிவரும் நேரத்தாலும் பிரித்துவிடும். மாதவரம் லேபுக்கும் இதையே சொல்வேன்: தினசரி மாதிரிகளை ஸ்ட்ரிப்பிலோ எலைசாவிலோ ஓட்டிவிட்டு, நடுவில் விழுபவற்றை மட்டும் மெஷினுக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரிப் வைத்திருப்பவர்களும் பாலைக் கலக்கிவிட்டுத்தான் முக்க வேண்டும், மேலே மிதக்கும் ஆடையில் முக்கினால் கோடு ஏமாற்றும்.

பால்நஞ்சு_ஆய்வு

ஆடை நீக்கிய பாதியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அஃப்லாடாக்சின் எம்1-க்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒன்று, 0.05. உள்ளூர் வரம்புக்கு 20 மி.லி. பாலே போதும், ஐரோப்பிய வரம்புக்கு 50 எடுங்கள். 37 டிகிரிக்குச் சூடாக்கி, 4,000 ஜி-யில் 15 நிமிடம் குளிரில் சுற்றி, ஆடையை முழுதும் வழித்தெடுங்கள். கொஞ்சம் தங்கினாலும் இம்யூனோ அஃபினிட்டி காலத்தின் (நஞ்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் நிரப்பிய சிறு குழாய்) துளைகளை அடைத்துவிடும். பால் இறங்கும் வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு சொட்டு. நேரமாகிறது என்று சிரிஞ்சை அழுத்தினால் நஞ்சு எதிர்ப்புரதத்தில் பிடிபடாமலேயே ஓடிவிடும், மீட்பு குறைவதற்கு முதல் காரணம் இதுதான். 10 மி.லி. நீரில் இரண்டு முறை கழுவி, காற்று செலுத்தி உலர்த்தி, 4 மி.லி. அசிட்டோநைட்ரைலில் இறக்குங்கள். முதல் மி.லி.யை ஒரு நிமிடம் குழாய்க்குள்ளேயே நிறுத்திவிட்டு அப்புறம் விடுங்கள். 329.1 → 273.1 அளவுக்கு, 259.1 உறுதிக்கு. கார்பன்-13 பதினேழு வைத்த ஸ்டாண்டர்ட் என்றால் 346.1 → 288.1. அதைப் பாலிலேயே, குழாயில் விடுவதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.

351-ல் பெரிய உச்சி தெரிந்தால் அது சோடியம் ஒட்டிய அயனி. சோடியம் கண்ணாடிப் பாட்டிலிலிருந்தோ கழுவிய சோப்பிலிருந்தோ வருகிறது. நகரும் கரைப்பானில் 5 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட் சேர்த்தால் 329 மீளும். நீர் அதிகமான கரைசலில் அஃப்லாடாக்சின் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டும் என்பதால் சிலேன் பூசிய குப்பி, பழுப்பு நிறத்தில். சிந்தியதை ஹைப்போகுளோரைட்டில் துடைக்க வேண்டும், வெறும் சோப்புநீர் போதாது.

எண் வரம்பைத் தாண்டினால் மாட்டுக்காரரிடம் கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு மூன்றையும் அரைக் கிலோ வீதம் கொண்டுவரச் சொல்லுங்கள். மூட்டையின் மேலேயிருந்து மட்டும் எடுத்தால் பயனில்லை. பூஞ்சணம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அதனால் மேல், நடு, அடி, சுவரோரம் எல்லாவற்றிலும் எடுத்துக் கலக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தரையில் நேரே அடுக்கிய மூட்டைகளின் அடிப்பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தீவனத்தோடு மாடு தின்ற அஃப்லாடாக்சின் பி1-ல் சாதாரணமாக 1 முதல் 3 சதவீதம் எம்1-ஆகப் பாலில் இறங்கும், அதிகம் கறக்கும் மாட்டில் 6 வரை போகும். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாட்களில் பால் தெளிந்துவிடும், ஆகவே ஐந்தாம் நாள் மறு மாதிரி எடுங்கள். பாலைக் காய்ச்சுவதால் எம்1 போகாது, இதை வாங்கிக் குடிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு வேறொரு எச்சரிக்கை. அது உலோகத்தையும் கால்சியத்தையும் கட்டிப்பிடிக்கும், பாலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. 2 மி.லி. பாலுக்கு 8 மி.லி. மெக்கில்வெய்ன் பஃபர், அதில் 0.1 மோலார் ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்), பிஎச் 4. சுற்றியபின் எச்எல்பி கார்ட்ரிட்ஜ் (மருந்தைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்), 5 சதவீத மெத்தனாலில் கழுவி, முழு மெத்தனாலில் இறக்குங்கள். இங்கே கண்ணாடி வேண்டாம், பாலிபுரோப்பிலீன் குப்பிதான். புரோஜெஸ்டிரோனுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர், இரண்டு குப்பிகளையும் தனித் தட்டில் வையுங்கள். 461 → 426 அளவுக்கு, 461 → 443 உறுதிக்கு. முக்கிய உச்சிக்குப் பக்கத்தில் அதே நிறையில் ஒரு சிறு உச்சி வரும், அது அதே மருந்தின் 4-எபி என்ற மாற்று வடிவம். அதைக் குப்பை என்று விடாமல் இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதி கூட்டுத்தொகையைத்தான் வரம்போடு ஒப்பிடுகிறது. வரம்பு சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸிலும் அங்கும் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவுதான்.

மாதவரம்_லேப்

இரண்டு தட்டு, இரண்டு குப்பி என்று பிரித்துவிடுகிறோம் சார். கருவியில் பால் மாதிரி அதிகமானால் சிக்னல் ஒரு வாரத்திலேயே சரிகிறது. கருவியில் அயனி உருவாகும் பகுதியைத் (அயன் சோர்ஸ்) துடைத்தும் முழுதாகத் திரும்புவதில்லை.

அயனிமூலம்

டைவர்ட் வால்வ் வைத்திருக்கிறீர்களா? முதல் ஒரு நிமிடத்தையும், உச்சி முடிந்த பிறகு வரும் 95 சதவீதக் கழுவலையும் கழிவுக்குத் திருப்புங்கள். உப்பும் சர்க்கரையும் முன்னால் வரும், பாஸ்போலிப்பிட் பின்னால் வரும், இரண்டுமே கருவி நுழைவாயிலின் கூம்புக்குள் போக வேண்டாம்.

துடைத்தும் திரும்பாவிட்டால் கருவிக்குப் போகும் நைட்ரஜனைப் பாருங்கள். கடலோரக் காற்றின் ஈரம் மழை மாதங்களில் கம்ப்ரெஸருக்குள் தண்ணீராகவே இறங்கும். ஜெனரேட்டருக்கு முன்னால் உள்ள நீர்ப்பொறியை நாள்தோறும் வடித்துவிட்டு, உலர்த்தி நிரப்பியின் நிறம் மாறும் முன்பே மாற்றுங்கள். கருவியின் வெற்றிட ரஃப் பம்ப் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதிலும் ஈரம் இறங்கிவிட்டது, காஸ் பேலஸ்ட் வால்வை அரை மணி நேரம் திறந்துவிட்டுப் பாருங்கள், தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஸ்டாண்டர்ட் குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பிக்குள் நம் ஊர்க் காற்று நீராக ஒட்டும். மாதக்கணக்கில் அப்படித் திறந்து மூடிய குப்பியில் செறிவு குறைந்துகொண்டே போகும், அதைக் கருவி சரிகிறது என்று தவறாக எடுத்துக்கொள்ள நேரும். புதிய ஆம்பூல் ஒன்றை உடைத்துப் பழையதோடு ஒப்பிட்டு ஓட்டுங்கள், சரிவது கருவியா ஸ்டாண்டர்டா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.